மூன்று மணி நேரம் எங்கே போயிற்று?

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு மாலை. பத்தாம் வகுப்பு மாணவர்க்கென எம் பங்கு மண்டபத்தில் நடைபெறும் மாலை வகுப்பில், பருவமழையைப் பற்றிய பாடம் ஒன்றை ஒரு பக்க அளவு வாசித்து விளக்கினேன். பின்னர், "கேட்டதைச் சொல்லுங்கள்" என்றேன். 22 பேரில் நால்வரே வாய் திறந்தனர்.

கடிந்துகொள்ள எழுந்த நாவை அடக்கிக்கொண்டு, பின் வரிசையில் கண் சொருகி அமர்ந்திருந்த மாணவன் ஒருவனை அழைத்தேன்.

"நேற்றிரவு எத்தனை மணிக்குத் தம்பி உறங்கினாய்?"

"ஒரு மணி ஆகிவிட்டது, ஃபாதர். பத்து மணியிலிருந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"பார்த்தவற்றுள் மூன்றைச் சொல், கேட்போம்."

நெடுநேரம் நினைத்துப் பார்த்தான். ஒன்றேனும் நினைவுக்கு வரவில்லை. வகுப்பு நகைத்தது, அவன் கண்கள் கலங்கின. "எனக்கே பயமாக இருக்கிறது, ஃபாதர். ஒரு பக்கம் படிப்பதற்குள் கை தானாகவே போனைத் தேடுகிறது" என்றான்.

அன்றுவரை இதனைச் சோம்பல் என்றே எண்ணியிருந்தேன். பிழை என்னுடையது. விரல் தள்ளத் தள்ளப் புதியன வந்துகொண்டேயிருக்கும் அமைப்பை 2006-ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் அமெரிக்கரான அசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. திரைப்படத்துக்கும் 'வணக்கம்' உண்டு. எழுந்து செல்லும் வேளை இதுவென்று உணர்த்துவது எதுவும் இதில் இல்லை. 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்றில், கைப்பேசியை வேறு அறையில் விட்டு வந்தோர், மேசைமேல் வைத்திருந்தோரைவிடச் சிந்தனைத் தேர்வுகளில் சிறந்து விளங்கினர். மேசைமேல் இருந்தவை ஓசையின்றிக் கவிழ்த்து வைக்கப்பட்டவையே!

அன்றிரவு செபம் முடித்து, ஒரேயொரு செய்தியைப் பார்க்கவென்று என் கைப்பேசியை எடுத்தேன். கீழே வைத்தபோது 50 நிமிடங்கள் கழிந்திருந்தன. மாணவனிடம் கேட்ட கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். மூன்றைச் சொல்ல என்னாலும் இயலவில்லை.

மறுநாள் முதல் மண்டப வாயிலில் ஒரு தகரப் பெட்டியை வைத்தோம். அதில் முதலில் இடம்பெறுவது என் கைப்பேசி. முதல் வாரம் மாணவர் தவித்தனர்; நானுந்தான். இரண்டு திங்களுக்குப் பின் அந்த மாணவன், இடையில் எழாமல் இரண்டு பக்கங்களைப் படித்து முடித்தான். எனினும் எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லமாட்டேன். வீடு திரும்பியதும் அதே கைப்பேசி, அதே நள்ளிரவு.

ஆதலின் பெற்றோரே, இது உங்களுக்கு. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் பயிலட்டும் என்று கடன்பட்டும் அக்கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தோர் நம்முள் பலர். இன்று அதைப் பறித்து ஒளித்துவைத்தால் வீட்டில் பூசல்தான் மிஞ்சும். இரவு 9 மணிக்கு வீட்டிலுள்ள கைப்பேசிகள் யாவும் ஒரு பெட்டியில் உறங்கட்டும். முதலில் தந்தையுடையது, அடுத்துத் தாயுடையது, அதன்பின் பிள்ளையுடையது. இவ்வரிசை மாறாதிருக்கட்டும், பிள்ளைகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.