பரிசிலரும் பயோடேட்டாவும்

விற்பனைத் தொழிலில் கால்நூற்றாண்டைக் கழித்தவன் என்பதால், காணைக்குச் செல்லும்போதெல்லாம் யாராவது ஒரு பயோடேட்டாவை நீட்டித் திருத்தித் தரச் சொல்வதுண்டு. விழுப்புரத்தை அடுத்த எங்கள் பகுதியில், குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர். பாடத்தில் குறைவில்லை. தம்மைப் பற்றிச் சொல்லத்தான் நா எழுவதில்லை.

எங்கள் தொழிலில் நான்கு தூண்கள் உண்டு. பொருள், விலை, இடம், விளம்பரம் என்று 1960இல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் தம் பாடநூலில் வகுத்தவை. சோப்புக்கும் பற்பசைக்கும் சொன்னதை மனிதனுக்கும் பொருத்தி, ஒவ்வொருவரும் ஒரு பிராண்டே என்று 1997இல் டாம் பீட்டர்ஸ் எழுதினார். வேலை தேடுவோருக்கான பயிற்சி வகுப்புகளில் இன்று ஓதப்படுவது பெரும்பாலும் இதன் வழிமொழிதல்தான்.

சென்ற முறை வந்த பெண் எனக்கு உறவுமுறையில் மகள். வணிகவியல் பட்டதாரி. அவளது தாளில் ‘கடின உழைப்பாளி, குழுவாக இயங்கும் திறன், நேர மேலாண்மை’ என்றிருந்தது. அதற்கு முன் பார்த்த மூன்று தாள்களிலும் இதே சொற்கள், இதே வரிசை. பேச்சுவாக்கில்தான் தெரிந்தது: தெருவிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டுகளை மூன்று ஆண்டுகளாக அவள்தான் எழுதி வருகிறாள். வங்கிக் கடனின் தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை.

“இதை ஏம்மா எழுதல?”

“நம்மளப் பத்தி நாமளே பெருமையா எழுதிக்கிட்டா நல்லாவா இருக்கும் சித்தப்பா?”

இந்தக் கூச்சம் இழிவானதன்று. நம் மரபு ஊட்டி வளர்த்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பல துறை கற்றுத் தேர்ந்தவனாயினும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்றே விதிக்கிறார். ஆனால் அடுத்த நூற்பாவிலேயே புலவனுக்கு நான்கு விலக்குகளை அளிக்கிறார். அரசனின் அவைக்கு ஓலை அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போது, அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. முதலாவது விண்ணப்பக் கடிதம். இரண்டாவது நேர்முகத் தேர்வு. இதைவிடத் தெளிவான அனுமதிச் சீட்டு வேறென்ன வேண்டும்?

அறியாதவரிடம் அறிவிப்பது தற்பெருமையாகாது. சொல்லாமல் விடுவதால் ஒரு கேடும் உண்டு. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொன்ன அறிவுரை புறநானூற்றில் இருக்கிறது. கொடுப்பது எளிது, வருபவரின் தகுதியை அறிவதே அரிது. ஆகவே புலவர் எல்லோரையும் ஒரே நோக்கில் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார். நானூறு தாள்களும் ஒரே சொற்களைச் சுமந்து வந்தால் பொதுநோக்கன்றி வேறெந்த நோக்கு சாத்தியம்? நான் அந்த மூன்று தொடர்களையும் அடித்துவிட்டு, கணக்கு நோட்டு பற்றி இரண்டு வரிகளை எழுதச் சொன்னேன். மிகையாக ஒரு சொல்லும் இல்லை. பொருளை உள்ளபடி காட்டுவதே நல்ல விளம்பரம்.

விலையைப் பற்றி ஒரு சொல். அதியமான் நெடுமான் அஞ்சி நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது, நான் வாணிகப் பரிசிலன் அல்லன் என்று பெருஞ்சித்திரனார் மறுத்தார். தகுதியறிந்து தந்தால் தினையளவும் இனிது என்பது அவர் கருத்து. சம்பளம் உழைப்புக்கு இடும் விலை, ஆளுக்கன்று. விற்பனைப் பாடம் இந்த எல்லையில் நின்றுவிட வேண்டும் என்பதே என் கட்சி.

ஆயினும் ஓலை எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்று யார் சொல்வது? மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வியப்பான செய்தி உண்டு. பாஸ்டனுக்கு அருகே, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்ததில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவுதான். மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது பார்க்கும் மனிதர்களே. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த வாசல்கள் நமக்கும் தெரிந்தவையே. தொலைவில் இருப்பவனே புதிய வாசலை அறிவான்.

இது நம் மண்ணில் ஓர் இலக்கிய வகையாகவே இருந்தது. திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கல்தான் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் என்பர். அவனைப் பாடிய நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் வழியில் எதிர்ப்பட்ட வறிய பாணனிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். தன் வீட்டில் உப்பின்றி வெந்த கீரையைக் கதவடைத்து உண்ட வறுமையையும் மறைக்கவில்லை. பிறகு வழியையும், வழியிலுள்ள ஊர்களையும், மன்னனின் இயல்பையும் கூறி அனுப்புகிறான். போட்டியாளனாயிற்றே என்று அவன் நினைக்கவில்லை.

நான்கு தூண்களில் இதற்கு இடமில்லை. காணையிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் அமர்ந்தவர்கள் அநேகர். கதவடைத்து உண்ட நாட்களை மறைக்காமல், பின்னால் வருபவருக்கு வாசலைக் காட்டுவார்களானால், எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்புகள் அவ்வளவாகத் தேவைப்படா.