பல்லிக்குத் தெரியுமா?

நெல்லைச் சீமையினராகிய நாங்கள் அலுவல் நிமித்தம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஆறாண்டுகள் குடியிருந்தோம். அங்கே காலையில் தெருவின் நீளத்திற்குப் பட்டுப் பாவு விரிப்பார்கள். அவ்வேளையில் தெரு நெசவாளருக்கே சொந்தம். மிதிவண்டியில் வருவோர் முணுமுணுக்காது இறங்கி, ஓரமாய் உருட்டிச் செல்வர். மணியடிப்பவர் வெளியூர்க்காரர் என்றறிக!

இன்னொரு வழக்கம் இதைவிட வேடிக்கையானது. வரதராசப் பெருமாள் கோயிலின் மேற்கூரையில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் உள்ளன. அவற்றைத் தொட்டு வந்தவர்க்குப் பல்லி விழுந்த தோஷம் நீங்கும் என்பது மக்கள் நம்பிக்கை. அப்படித் தொட்டு வந்தவரைத் தொட்டாலே போதும் என்பாரும் உண்டு.

ஒரு மழைநாளில் எங்கள் வீட்டம்மையாரின் தலைமீதே பல்லி விழுந்தது. தலையில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்பார்கள். அலறல் கேட்டு, தார் சுற்றிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுப் பாட்டி பதறி ஓடிவந்து கையை நீட்டினார்.

“என்னைத் தொடும்மா, சீக்கிரம்!”

“நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், பாட்டி. இதையெல்லாம் நம்புவதில்லையே?”

“அது எனக்குத் தெரியும். பல்லிக்குத் தெரியுமா?”

நீட்டிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மறுக்க மனம் வரவில்லை, அம்மையார் பற்றிக்கொண்டார். பாட்டி பெருமூச்செறிந்து இராட்டைக்குத் திரும்பினார்.

ஞாயிறன்று பங்குச் சாமியாரிடம் இதைச் சொன்னோம். வாய்விட்டுச் சிரித்தவர், பாட்டியின் நலம் விசாரித்தார்.