வில் செய்யக் கேட்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு



இந்த விடுமுறையில் நமது ஊர்ப் பையன்கள் ஹாட்வெயார் கடைகளில் பீவீசி பைப்பும் சைக்கிள் கம்பியும் கேட்டு நிற்கிறார்கள். யூடியூபைப் பார்த்துக் குறுக்குவில் செய்யத்தானாம். விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களிடமும், "சேர், எந்தப் பொருள் நல்லம்?" என்று கேட்கிறார்கள். ஏசி விரட்டினால் ஒளித்துச் செய்வார்கள். அதனால் பதிலை வாப்பாமார், உம்மாமாருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. கைவில்லை இழுத்தால் கை வலிக்கும். நெடுநேரம் பிடித்திருக்க ஏலாது. குறுக்குவில்லில் நாணை ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். பையன் தம்பியோடு பேசத் திரும்பினாலும் அது ஏற்றியபடியே இருக்கும். சீனர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த விசையை வெண்கலத்தில் வார்த்தார்கள். நமது பிள்ளைகள் வெட்டுவது பலகைத் துண்டில். விளிம்பு தேய்ந்தால் யாரும் தொடாமலே நாண் நழுவும்.

அடுத்தது நீளம். நமது அம்பாறை மாவட்டத்தின் பொல்லேபெத்தயில் வேடுவர்கள் வாழ்கிறார்கள். அவர்களின் முன்னோருடைய வில் ஆளுயரம் இருக்கும். மரக்கோலும் மரப்பட்டை நாரும்தான் பொருள். நீண்ட கோலில் வளைவு முழுவதும் பகிர்ந்து போகும். குறுக்குவில்லின் கோல் குட்டையானது. பாரமெல்லாம் நடுவில் விழும். ஐரோப்பியர் பிற்காலத்தில் அதற்கு உருக்கைப் பயன்படுத்தியது சும்மா இல்லை.

பீவீசி பைப் வளைத்து வைத்தால் மெல்ல மெல்ல அந்த வளைவிலேயே நின்றுவிடும். வெயிலில் கிடந்த பைப் என்றால் சில்லுச் சில்லாக உடையும். பழைய லொறியின் வில்லுத்தகட்டை வீட்டுக்குள்ளேயே எடுக்க வேண்டாம். ஒரே வில்லை இரண்டு மடங்கு இழுத்தால் அதில் சேரும் மீள்தன்மை அழுத்தசக்தி ஏறக்குறைய நான்கு மடங்கு. உடையும்போது அவ்வளவும் பக்கத்தில் நிற்பவரின் முகத்துக்குத்தான் வரும்.

ஆகவே எங்கள் பதில்: குறுக்குவில் வேண்டாம், கைவில் செய்யட்டும். வெடிப்பில்லாத மூங்கில் கீற்று போதும். மூங்கிலின் வெளித்தோல் பக்கம் நார் நெருக்கமானது; அந்தப் பக்கம் இலக்கை நோக்கி இருக்கட்டும். நாணுக்குத் தங்கூசி வேண்டாம். அது இழுபடும், சொல்லாமல் அறும். மருதமுனைத் தறிகளில் கிடைக்கும் பருத்தி நூலைப் பல இழையாகத் திரியுங்கள். தேயும்போது பிசிறு தெரியும், மாற்றலாம். அம்பு தென்னை ஈர்க்கு. நுனியில் துணி உருண்டை. சைக்கிள் கம்பி, குடைக்கம்பி கூடவே கூடாது.

மார்க்கத்திலும் இதற்கு வழிகாட்டல் உண்டு. அம்பெய்தலைக் கற்க ஆர்வமூட்டிய நபி (ஸல்) அவர்கள்தான், விரலிடுக்கில் பொடிக்கல்லை வைத்துச் சுண்டுவதைத் தடுத்தார்கள். அதனால் வேட்டையும் கிடைக்காது, எதிரியும் விழமாட்டான். பல் உடையும், கண் போகும் என்பதே காரணம். அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரழி) அறிவித்த இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பள்ளிக்கோ சந்தைக்கோ அம்போடு வருபவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் ஏவினார்கள்.

விளையாட்டைத் தடுக்கும் மார்க்கம் அல்ல இது. அடுத்தவரின் கண்ணைக் காக்கும் மார்க்கம்.

பிள்ளை கேட்டால் மூங்கிலை நீங்களே வெட்டிக் கொடுங்கள். சுவரைப் பார்த்து எய்யட்டும். பின்னால் நீங்கள் நில்லுங்கள். மாலையில் வில்லை வாங்கி, நாணைக் கழற்றி, உயரத்தில் வையுங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.