'மாதிரி' என்றோர் உவம உருபு

ஆசிரிய கலாசாலையில் அணியிலக்கணம் எங்களுக்கு வரைவிலக்கணமாகவே வந்து சேர்ந்தது. போல, அன்ன, ஒப்ப, நிகர்ப்ப என்று உவம உருபுகளை ஒப்புவித்தோம். இப்போது தரம் 7இல் எங்கள் கிழக்குக் கரைப் பிள்ளைகளின் வாயிலுள்ள 'மாதிரி'யிலிருந்தே தொடங்குகிறேன்.

"வாப்பாட உள்ளங்கை கருவாடு மாதிரி, சேர்" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. அதைக் கரும்பலகையில் எழுதினேன். உள்ளங்கை பொருள், கருவாடு உவமை, மாதிரி உருபு. "ரெண்டுக்கும் பொதுவா என்ன இரிக்கி?" என்று கேட்டேன். "உப்பும் வெயிலும், சேர்." சிரிப்பு அடங்கிவிட்டது. 'மாதிரி'யை அழித்து, "வாப்பாட உள்ளங்கை கருவாடுதான்" என்று வாசிக்கச் சொன்னேன். உருவகம் விளங்கிற்று.

எதுகையும் இவர்களுக்கு அந்நியமல்ல. மூத்தம்மாமார் பாடும் கவிகளைக் கேட்ட பிள்ளை, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதைக் காதாலேயே பிடித்துவிடும். ஆனால் வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னால் பலர் வெறுங்கொப்பியோடு வருகிறார்கள். பாடத் தெரிந்தவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள். இருப்பவர்களுக்கோ பாடக் கூச்சம்.

இந்தத் தவணை ஆளுக்கொரு கவி கேட்டெழுதி வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குப் புள்ளி கிடையாது. உவமையை இனங்காட்டப் பாடநூல் இருக்கிறது. அந்தக் கவிகளுக்கு மூத்தம்மாமாரே ஏடு.