90 கிராம் உயிரும் ஆடிக் காத்தும்

ஆபீசில் யாரிடமும் 'எங்க வீட்ல ரெண்டு காக்டெயில் வெச்சிருக்கேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்ன வாரமே, சனிக்கிழமை சாயங்காலம், அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து நாலு பேர் மிக்சர் பொட்டலத்தோடு வாசலில் நின்றார்கள். கூண்டைக் காட்டியதும் அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இதுக்குத்தானுங்களா சிங்காநல்லூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தோம்?" என்றார் சீனியர்.

காக்டெயில் என்பது ஆஸ்திரேலியாக் கிளி. தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. எடை சுமார் 90 கிராம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம் இருக்கும். அதாவது, உங்கள் ஹவுசிங் லோன் முடிகிறவரை.

எங்கள் வீட்டில் முத்து, மணி என்று ஒரு ஜோடி. முத்து நன்றாக விசிலடிப்பான். சினிமாப் பாட்டு இல்லை, குக்கர் விசில். பக்கத்து வீட்டு அக்கா இவன் மூணாவது விசிலுக்கு அடுப்பை அணைத்து, அரை வேக்காட்டுப் பருப்போடு ரெண்டு நாள் அவதிப்பட்டார். இப்போது கடிகாரத்தைப் பார்த்துத்தான் சமைக்கிறார்.

கோயமுத்தூரில் கிளி வளர்த்துகிறவனுக்கு முதல் எதிரி பூனை இல்லை. காத்து! ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருமே, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காத்துதான். ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறார்கள். 90 கிராம் எம்மாத்திரம்?

'அதான் ரெக்கையை வெட்டியாச்சே, எங்கே போயிடும்?' என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். வெட்டிய இறகு உதிர்ந்து புதுசு முளைக்கும். அது நமக்குத் தெரிவதற்கு முன்னால் கிளிக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று: அரை இறகோடு காத்தில் மாட்டினால் போவது சுலபம், திரும்பி வருவதுதான் முடியாது.

போன ஆடியில் கோபியிலிருந்து என் மனைவியின் சித்தப்பா வந்திருந்தார். நல்ல மனுஷர். எனக்குத்தான் இரக்க குணம் போதாது என்பது அவர் கட்சி. "ஏனுங் மாப்ள, வாயில்லாச் சீவனுங்க. கொஞ்சம் காத்தாட இருக்கட்டுமே!" என்று, நான் ஆபீசில் இருந்த நேரத்தில் கூண்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கதவையும் திறந்துவிட்டார். மணி வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஒரு காத்து. அவ்வளவுதான்.

நான் வந்தபோது எதிர்வீட்டுப் பையன் தெருவில் நின்று, "அண்ணா, உங்க மணி அந்த வேப்பமரத்து உச்சியில இருக்குதுங்ணா" என்று கைகாட்டினான். சுற்றிலும் ஏழெட்டுக் காக்கா. அதில் ஒன்று கொத்த வரும்போதெல்லாம் மணி கொண்டையை விரித்துக் கத்தினாள். கல்லெறியவும் முடியாது. கல்லுக்குக் காக்காயோடு அவளும் பறந்துவிடுவாள். கூண்டில் பழகின கிளிக்கு மேலே ஏறத் தெரியும், உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கத் தெரியாது. கீழே நின்று 'வா, வா' என்றால் பாவம், அது என்ன செய்யும்?

இருட்டுகிற வரைக்கும் அவள் உட்கார்ந்த கிளையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. இருட்டியபின் கிளி பெரும்பாலும் இடம் மாறாது. அன்றைக்கு ராத்திரி என் மனைவி சாப்பிடவில்லை. சித்தப்பா சாப்பிட்டார், ஆனால் ரெண்டாம் முறை ரசம் கேட்கவில்லை.

விடிவதற்கு முன்பே முத்துவின் கூண்டையும், பக்கத்தில் ஒரு தட்டில் தினையையும் மாடியில் வைத்தேன். வெளிச்சம் வந்ததும் முத்து ஒரு குக்கர் விசில் விட்டான். வேப்பமரத்திலிருந்து சின்னதாக ஒரு பதில். இன்னொரு விசில். இன்னொரு பதில். நாலாவது விசிலுக்கு மணி மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து இறங்கி, தினைத் தட்டுக்கு நடந்தே வந்தாள். மெதுவாக ஒரு துண்டைப் போட்டு எடுத்துக்கொண்டேன். வாலில் ரெண்டு இறகு இல்லை. உயிர் இருந்தது.

கிளி வைத்திருக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கூண்டுக் கதவு மேலே தூக்குகிற மாதிரி இருந்தால், அலகால் தூக்கக் கற்றுக்கொண்டுவிடும். ஒரு கொக்கி மாட்டுங்கள். பால்கனியில் வைத்தால் பாதிக் கூண்டுக்காவது நிழல் வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் வைக்கக் கூடாது. காக்கா, வல்லூறு, பூனை எல்லாம் கம்பி வழியாகவே காலைப் பிடித்துவிடும். வெளியே விடுவதற்கு முன் ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். காக்டெயில் இருட்டில் சத்தம் கேட்டால் மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும். தீபாவளி ராத்திரி உள்ளறையில் வைத்து, ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கிளிக்கு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் மாதிரி இனங்களை 2024ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். காக்டெயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால், நம்ம ஊர்ப் பச்சைக்கிளி? கூண்டில் வைப்பதே குற்றம். 1972ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2022ல் திருத்தியபின் பச்சைக்கிளி அதன் ரெண்டாவது அட்டவணையில் வருகிறது.

பொள்ளாச்சிக்கார நண்பர் ஒருவர், "தோப்புல தென்னம்பொந்துக்குள்ள குஞ்சு இருக்குதுங்க, எடுத்தாரட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். "அது பறக்கோணும், இது மட்டும் கூண்டுலயா? என்ன நியாயமுங்க?" என்றார். கேள்வி சரிதான். என் மணி தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த வம்சம். இந்த ஊரில் திறந்துவிட்டால் அவளுக்கு ஒரு நாள் தாங்குவதே பெரிசு என்பதை வேப்பமரத்தில் பார்த்துவிட்டேன். தென்னம்பொந்துக் குஞ்சுக்கு அம்மா இருக்கிறாள், தோப்பு இருக்கிறது. அதற்கு நான் எதற்கு?

2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி ஜோசியம் நடந்தது, ஞாபகம் இருக்கலாம். பா.ம.க. வேட்பாளர் தங்கர் பச்சான் ஜெயிப்பார் என்று கிளி சீட்டெடுத்துக் கொடுத்தது. அந்தச் சூட்டோடு வனத்துறை வந்து கிளிகளைப் பறிமுதல் செய்தது, ஜோசியரையும் பிடித்து விசாரித்தது. ஜூனில் ரிசல்ட் வந்தது. வேட்பாளர் தோற்றுப்போனார்.

ஜோசியம் பலிக்கவில்லை என்கிறீர்களா? அந்தக் கிளிகளைக் கேட்டுப் பாருங்கள். கூண்டு திறந்ததே!