உள்ள என்னம்மா போட்ட?

மகளுக்கு ஐந்து வயது. மூன்று வயதுவரை மடக்மடக்கென்று பால் குடித்தவள், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு டம்ளரைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டாள். ஆடை ஒரு துணுக்கு உதட்டில் பட்டால் போதும், குமட்டிவிடும். கீரை ஆகாது. சாம்பாரில் காய் மிதந்தால் அதுவும் ஆகாது.

நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240 கிடைக்கும். இரண்டு வேளைப் பாலும் நின்றுபோனதில் எனக்குத் தூக்கம் போனது. எலும்பு வளர்கிற வயசாயிற்றே!

பயத்தில் ஒளித்துவைக்க ஆரம்பித்தேன். சப்பாத்தி மாவைப் பால் விட்டுப் பிசைந்தேன். தோசை மாவில் இரண்டு கரண்டி கேப்பை மாவைக் கரைத்தேன். ஒரு வாரம் சாப்பிட்டாள். எட்டாம் நாள் நிறம் கொஞ்சம் கூடிவிட்டது. தோசையைப் பிய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "உள்ள என்னம்மா போட்ட?" என்றாள்.

"ஒண்ணுமில்லடா."

அந்த ஒரு பொய் எங்களை மூன்று மாதம் படுத்தியது. வெறும் தோசையைக்கூட அவள் நம்பவில்லை. ஆசையாகத் தின்னும் தயிர்ச்சோற்றையும் விரலால் விலக்கி விலக்கித் தேடினாள். பெற்ற பிள்ளை நான் வைத்த தட்டில் எதையோ தேடுவதைப் பார்க்க வயிறு கலங்கியது. இத்தனைக்கும் பால் தயிராகும்போது அதிலுள்ள கால்சியம் எங்கும் போய்விடுவதில்லை. தயிர் தின்கிற பிள்ளையிடம் பால்தான் வேண்டும் என்று மல்லுக்கு நின்றது என் பிழை.

அம்மா எதையும் ஒளிக்கவில்லை. கேப்பையை இரவு ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து தொங்கவிட்டாள். முளை விட்டதும் பேத்தியைக் கூப்பிட்டு முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக, நூல்போல ஒரு வால். பிள்ளை அதை உள்ளங்கையில் அள்ளி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். 100 கிராம் கேப்பையில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. ஆனால் தானியத்திலுள்ள ஃபைடிக் அமிலம் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். அம்மாவுக்கு அமிலத்தின் பெயர் தெரியாது. "முளைகட்டுனாத்தான் உடம்புல ஒட்டும்" என்பாள். முளைத்த கேப்பையை அரைத்த மாவில் கருப்பட்டிப் பாகு விட்டுச் சுட்ட அடையைப் பிள்ளை முதல் நாள் முகர்ந்து பார்த்தாள். மறுநாள் ஓரத்தைக் கடித்தாள். அதற்குள் எனக்கு நான்கு நாள் கடந்தாற்போல் இருந்தது.

பாலக்கீரைக்காக நான் அவளோடு போட்ட சண்டையெல்லாம் வீண். அதில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் கட்டிப்போட்டுவிடுவதால் உடம்புக்குச் சேர்வது மிகக் கொஞ்சம். எள்ளுருண்டை எவ்வளவோ மேல்.

எங்கள் தூத்துக்குடியில் நெத்திலிக்குப் பஞ்சமில்லை. வஞ்சிரத்தில் சதையைத் தின்றுவிட்டு முள்ளை ஒதுக்குகிறோம். கால்சியம் இருப்பதோ முள்ளில். நெத்திலி முள்ளோடு உள்ளே போகும். தலையைக் கிள்ளி, மஞ்சளும் அரிசி மாவும் பிரட்டி, மொறுமொறுவென்று பொரித்துத் தாத்தாவின் தட்டில் வைத்தேன். அவர் கடித்தபோது 'நறுக்'கென்று சத்தம். அவள் சோற்றை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஒடித்தாள். பிறகு தின்றாள். அன்றைக்கு மூன்று.

பால் இன்னும் குடிப்பதில்லை. நானும் டம்ளரை நீட்டுவதில்லை. நேற்றுக் காலை தோசையை மறுபடி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"கேப்பை போட்டியாம்மா?"

"ஆமா."

பாதி தின்றாள். மீதிக்கு வெறும் தோசை கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன்.