ஹெட் கேஸ்கெட்டா, வெறும் காத்தா?

புனே, மும்பை, ஹைதராபாத்துன்னு எங்கெங்கோ இருந்துக்கிட்டு, விசேஷம்னா காரிலேயே ஊருக்குக் கிளம்புகிற நம்ம ஜனங்களுக்காக இந்தப் பதிவு. கிளம்புறதுக்கு முன்னாடி ஆயில், கூலன்ட் எல்லாம் மாத்துவோம் இல்லையா? சில சமயம் வினையே அங்கேதான் ஆரம்பிக்குது.

எங்க வண்டி பத்து வருஷம் ஓடின பெட்ரோல் ஹேட்ச்பேக். அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்குப் போக நாலு நாள் இருக்கும்போது, பக்கத்துல இருக்கிற கராஜில் கூலன்ட் மாத்திக் கொடுத்தாங்க. மறுநாள் பழைய கத்ரஜ் காட் ரோட்டில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மேலே போச்சு. ஓரங்கட்டினேன், இறங்கிடுச்சு. கிளம்பினேன், மறுபடி ஏறிடுச்சு.

கராஜ்காரர் போனட்டைத் திறந்து ரெண்டு நிமிஷம்தான் பார்த்தார். "ஹெட் கேஸ்கெட் கயா, சாப்." எஞ்சினைப் பிரிக்கணும், ஒரு வாரம் ஆகும், முப்பதாயிரம் ஆகும்னு சொல்லிட்டார். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

ராத்திரி, திருச்செங்கோட்டில் ரிக் லாரி வேலை பார்க்கிற பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். அண்ணன் முள்ளைப் பத்திக் கேட்கவே இல்லை. "ஏந்தம்பி, ஹீட்டரைப் போட்டா சூடா காத்து வருதா?"

நம்மாளுங்க ஹீட்டர் பக்கம் கையே வைக்கறதில்லையே! போய்ப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் சூடு, ஆனா ஹீட்டரில் வந்தது குளுந்த காத்து. டேஷ்போர்டுக்குப் பின்னாடி குடத்தைச் சரிச்ச மாதிரி களக் களக்னு ஒரு சத்தம் வேற.

"அப்ப ஏர் புடிச்சிருக்குது தம்பி. நம்ம தோட்டத்து மோட்டார் ஏர் புடிச்சா என்ன பண்ணுவம்? அதேதான்."

கிணத்து மோட்டார் ஏர் பிடிச்சா சும்மா சுத்தும், தண்ணி ஏறாது. மேலே திறந்து, சாணித் தண்ணியைக் கரைச்சு ஊத்தி, காத்தை வெளியேத்தினாத்தான் தூக்கும். கார் எஞ்சினில் இருக்கிற வாட்டர் பம்பும் அதே சென்ட்ரிஃப்யூகல் ஜாதிதான். தண்ணியைத் தள்ளும், காத்தைத் தள்ளத் தெரியாது. பழைய கூலன்ட்டை வடிச்சுட்டுப் புதுசை அவசரமா ஊத்தினா, சிலிண்டர் ஹெட், ஹீட்டர் குழாய் மாதிரி உயரமான இடங்களில் காத்து தங்கிடும். தண்ணி தொடாத இடம் காய ஆரம்பிக்கும். சென்சார் காத்துக்குள்ளே மாட்டிக்கிட்டா இன்னும் ஆபத்து. எஞ்சின் காய்ஞ்சுக்கிட்டிருக்கும், முள் பாட்டுக்குக் கீழேயே நிக்கும். அதனால முள்ளை மட்டும் நம்பாதீங்க.

மறுநாள் காலையில் அண்ணன் போனில் சொல்லச் சொல்லச் செஞ்சது இதுதான்.

எஞ்சின் சுத்தமா ஆறியிருக்கணும். வண்டியோட மூக்கு மேலே இருக்கிற மாதிரி ஒரு சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வெச்சோம். காத்து மேலேதான் போகும். கூலன்ட் ஊத்துற வாய்தான் எல்லாத்தையும் விட உயரத்தில் இருக்கணும். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் திருப்பினேன். சில வண்டிகளில் அந்தப் பக்கம் போகிற தண்ணியை ஒரு வால்வு தடுத்து வெச்சிருக்கும். மூடியைத் திறந்து, புனல் வெச்சு, நூல் மாதிரி மெதுவா கூலன்ட் ஊத்தினேன். பிளீட் ஸ்க்ரூ இருக்கிற வண்டின்னா அதைத் தளர்த்தி, குமிழி இல்லாம ஒரே சீரா ஒழுகற வரைக்கும் விட்டு மூடணும்.

அப்புறம் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்கில் விட்டோம். பொளக் பொளக்னு குமிழி வந்துக்கிட்டே இருந்தது. 80 டிகிரியைத் தாண்டி, தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாச்சு, மட்டம் சடார்னு இறங்கிச்சு. இதுதான் முக்கியமான கட்டம். இறங்கின அளவுக்கு ஊத்தி, கிளவுஸ் போட்டுக்கிட்டு ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழி நின்னதும் மூடியைப் போட்டாச்சு. ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நின்னது. ஹீட்டரில் அனல் அடிச்சது! சாயங்காலம் ஆறினப்புறம் பார்த்தா இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது, ஊத்தினேன். கம்பாட்கி காட் ஏத்தத்தில் முள் அசையவே இல்லை. அப்பா அம்மா கல்யாணத்தைக் கண் நிறையப் பார்த்தோம்.

ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. எஞ்சின் சூடா இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமா 107 டிகிரியில் கொதிக்கும். மூடி போட்டு அழுத்தத்தில் இருக்கும்போது 120ஐத் தாண்டினாலும் கொதிக்காம அடங்கிக் கிடக்கும். திறந்த நொடியில் மொத்தமும் ஆவியா முகத்துக்கு வரும். சிந்தினதைத் தண்ணி விட்டுக் கழுவிடுங்க. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். குழந்தைகளும் தெரு நாயும் நக்கிடக் கூடாது.

இதுக்காக எல்லா மெக்கானிக்கும் ஏமாத்தறாங்கன்னு அர்த்தம் இல்லை. கேஸ்கெட் நிஜமாவே போயிருக்கலாம். எத்தனை நேரம் விட்டாலும் குமிழி நிக்காது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்திலேயே ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடும். ஒழுகாமலே கூலன்ட் தினமும் குறையும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிக்காம வரும். ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி ஆயிடும். இதில் எது இருந்தாலும் வண்டியை எடுக்காதீங்க.

சந்தேகம்னா பிளாக் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வெச்சு, உள்ளே இருக்கிற காத்தை நீலத் திரவம் வழியா இழுப்பாங்க. எரிஞ்ச புகை கலந்திருந்தா பெட்ரோல் வண்டிக்கு அது மஞ்சளா மாறும். சில நிமிஷ வேலை. எஞ்சினைப் பிரிக்கணும்னு யாராவது சொன்னா, முதல்ல காத்தை எடுக்கச் சொல்லுங்க. அப்புறமும் சரியாகலைன்னா அந்த நீலம் மாறுதான்னு காட்டச் சொல்லுங்க. மாறினா முப்பதாயிரத்தைக் கொடுத்துடலாம்.